மருமகளைத் திட்டியவர்களுக்கு ஒரு பதில்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நாற்பது நிமிட வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் ஒரு படம் போட்டிருந்தாள். மகன் வீட்டு கராஜில் நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, புல் வெட்டும் மெஷினின் பிளேடை வைஸில் மாட்டி அரத்தால் ராவிக்கொண்டிருக்கும் படம். இரண்டு கையும் கறுப்பு, வேட்டியில் எண்ணெய்க் கறை, மூக்கு நுனியில் கண்ணாடி. 'எங்க வீட்டு சயின்ஸ் வாத்தியார்' என்று மேலே எழுதியிருந்தாள். பெருமையாகத்தான் போட்டாள்.

மறுநாள் காலை பார்த்தால் படம் இல்லை. "ஏம்மா எடுத்துட்டே?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, சும்மாதான்" என்றாள். முகம் சரியில்லை. பிறகு மகன்தான் நீங்கள் எழுதியிருந்ததையெல்லாம் போனில் காட்டினான். அவன் படம் பிடித்து வைத்திருந்தான்.

"அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போனது இதுக்குத்தானா?" என்று ஒருவர். "சாருக்கா இந்த நிலைமை, மனசு வலிக்குது" என்று அழுகிற பொம்மையோடு இன்னொருவர். "சாக்பீஸ் பிடிச்ச கை அது" என்று ஒரு மாணவி. "வேலைக்காரன் செய்யற வேலையைப் பெரியவரை வச்சு வாங்குறாங்க, நல்லா இருப்பாங்களா" என்று எங்கள் சொந்தத்திலேயே ஒரு அம்மாள். என் மைத்துனர் எழுதக்கூட இல்லை. நேராக ராத்திரி போன் போட்டு, "மச்சானை வச்சு புல்லு வெட்டுறீங்களா மாப்ளே?" என்று மகனை ஒரு பிடி பிடித்திருக்கிறார். இவர்களுக்கு நடுவில், மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துப் பெரிய வேலையில் இருக்கும் என் மாணவர் ஒருவர், "சார், இருபது டாலருக்குப் புது பிளேடே கிடைக்கும். இதுக்குப் போய் நீங்க…" என்று அக்கறையாக எழுதியிருந்தார்.

உங்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்குள் ஒளிந்திருப்பது எனக்குத் தெரிகிறது. தெரியாமல் இருக்குமா? அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதனால் நானே வந்து பதில் சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் வேலை வாங்கவில்லை. வேண்டாம் என்று தடுத்தார்கள், நான் கேட்கவில்லை.

மகன் இருப்பது ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில். இங்கே மே மாதம் வந்துவிட்டால் புல் வளர்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெட்டியாக வேண்டும். விட்டுவிட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிடும். மகனும் வாராவாரம் வெட்டிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் வெட்டி இரண்டு நாளில் புல்தரை முழுவதும் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போகும். ஏதோ நோய் என்று நினைத்து உரம் போட்டான், மருந்து அடித்தான், தண்ணீர் விட்டான். ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை நடை முடித்து வந்தவன் ஒரு புல்லைப் பிடுங்கி, பேரனுடைய பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நுனி வெட்டுப்பட்டே இருக்கவில்லை. வேப்பங்குச்சியை மென்றால் முனை நார் நாராக வருமே, அப்படி இருந்தது. பிளேடு புல்லை அறுக்கவில்லை, அடித்துப் பிய்த்திருக்கிறது. பிய்ந்த இடம் காய்ந்து வெளுக்கிறது, அதன் வழியாகத் தண்ணீரும் போகிறது, நோயும் வருகிறது. "டேய், இந்த பிளேடை எப்ப தீட்டினே?" என்றேன். மகன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "அதைக் கழட்டலாமாப்பா?" என்றான். மெஷின் வாங்கி நான்கு வருடம் ஆகிறதாம். எஞ்சினியரிங் கல்லூரியில் பட்டம் வாங்கியவன். அவனை நான் குற்றம் சொல்ல முடியாது. சின்ன வயதில் சைக்கிள் செயினைத் தொட்டவனை, "போய்ப் படிடா, அதுக்குக் கடைக்காரன் இருக்கான்" என்று விரட்டியது நான்தான்.

சரி, கழற்றுவோம் என்று இறங்கினோம். முதல் காரியமாக ஸ்பார்க் பிளக்கின் வயரைப் பிடுங்கி ஓரமாக ஒதுக்கினோம். இதைச் செய்யாமல் பிளேடில் கை வைக்கவே கூடாது. பிளேடைக் கையால் சுற்றினாலே எஞ்சின் ஒரு உதறு உதறிக் கிளம்பிவிடலாம். பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் பேட்டரியையே கழற்றி வைத்துவிட வேண்டும். அதுவரைக்கும் சரியாகச் செய்தோம். அடுத்தது தப்பு. மெஷினை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது, ஏர் ஃபில்டர் மேலே பார்த்திருக்க வேண்டும் என்று. நான் அதைப் படிக்காமல் வாத்தியார் தோரணையில் "இப்படித் தள்ளு" என்றேன். எஞ்சின் எண்ணெய் இறங்கி ஃபில்டர் நனைந்து போயிற்று. வேறு ஃபில்டர் வாங்கிப் போட்டும், பிறகு ஸ்டார்ட் செய்தபோது தெருவே மறையும்படி வெள்ளைப் புகை. 'கேள்வியை இரண்டு முறை படி' என்று 34 வருடம் உங்களைத் திட்டினவன் கையேட்டை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

போல்ட்டு கழலவில்லை. நான்கு வருடத் துருவும் காய்ந்த புல்லும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. துருவுக்கு எண்ணெய் அடித்துக் காத்திருந்தோம். மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் முக்கினோம். பிளேடும் சேர்ந்து சுற்றுகிறதே தவிர போல்ட்டு அசையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போல. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒரு துண்டுக் கட்டையும் ஒரு இரும்புக் குழாயும் எடுத்துக்கொண்டு வந்தார். பிளேடு சுற்றாமல் இருக்க அதற்கும் மெஷினின் கூட்டுக்கும் நடுவில் கட்டையை முட்டுக் கொடுத்தார். ஸ்பேனர் கைப்பிடியில் குழாயைச் செருகி நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினார். இடஞ்சுழியாக ஒரு அழுத்து. 'டக்'கென்று ஒரு சத்தம், கழன்றுவிட்டது.

பிள்ளைகளே, திருப்புத்திறன் என்பது விசை பெருக்கல் செங்குத்துத் தொலைவு. எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்? கதவு, கீல், கைப்பிடி என்று படம் போட்டுப் போட்டுக் கை தேய்ந்திருக்கிறது. இடஞ்சுழி என்றால் கூட்டல் குறி, வலஞ்சுழி என்றால் கழித்தல் குறி என்று மதிப்பெண்கூடப் பிடித்திருக்கிறேன். ஆனால் துருப்பிடித்த ஒரு போல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை. அவருக்கு வந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர் போய்விடவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கழற்றும் முன்பே தரையைப் பார்த்திருக்கும் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னார் (சாக்பீஸ் பிடித்த கை வீண் போகவில்லை, அம்மா). திரும்பப் பூட்டும்போது தலைகீழாகப் பூட்டாமல் இருக்க. பிளேடின் பின்விளிம்பு சிறகு மாதிரி மேலே வளைந்திருக்கும். சுற்றும்போது அதுதான் காற்றை மேலே இழுத்துப் புல்லை நிமிர்த்துகிறது. மாற்றிப் பூட்டினால் மொண்ணை விளிம்பு போய்ப் புல்லில் அடிக்கும்.

மகன் மின்சாரக் கிரைண்டரில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றான். அவசரப்பட்டு அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாயும், நீலம் பாய்ந்த இரும்பு பதம் இழந்துவிடும் என்றார் பெரியவர். நம் ஊரில் சாணை பிடிக்கிறவர் நடுநடுவே கத்தியைத் தண்ணீரில் தொட்டு எடுப்பாரே, எதற்கு என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? அரத்தாலேயே ராவினேன். பழைய சாய்வு எப்படி இருந்ததோ அதே சாய்வு, சுமார் 30 டிகிரி. மேல் பக்கம் மட்டும்தான் ராவ வேண்டும், அடிப்பக்கத்தில் பிசிரை மட்டும் தட்டிவிட்டால் போதும். அரிவாள்மணை மாதிரிக் கூர்மையாக்கவும் கூடாது. அவ்வளவு மெல்லிய விளிம்பு ஒரு கல்லில் பட்டால் மடிந்துவிடும். வெண்ணெய் தடவுகிற கத்தி அளவுக் கூர் போதும் என்றார். வேகம்தான் மீதி வேலையைச் செய்கிறது.

அந்த வேகத்தைத்தான் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிளேடின் நீளம் 53 செ.மீ. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 50 சுற்று. பிளேடின் நுனி விநாடிக்கு 83 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர்!

இன்னொன்று. ராவி முடித்ததும் சுவரில் ஒரு ஆணி அடித்து, பிளேடின் நடுத்துளையை அதில் மாட்டச் சொன்னார். இடது பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கம் கனம் அதிகம், அதை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். மறுபடி மாட்டு, மறுபடி ராவு. நான்கு முறை. இவ்வளவு துல்லியம் எதற்கு என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுனிப் பக்கம், மையத்திலிருந்து 25 செ.மீ. தூரத்தில், வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? நிறை, ஆரம், கோணத் திசைவேகத்தின் இருமடி. போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 247 நியூட்டன் வரும். 25 கிலோ மூட்டையின் பாரம் அந்த அச்சை விநாடிக்கு 50 முறை சுற்றிச் சுற்றி இழுக்கிற மாதிரி. பேரிங் எத்தனை நாள் தாங்கும்? அவருக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆணி தெரியும். எனக்குச் சூத்திரம் தெரியும், ஆணி தெரியாது. எங்கள் இருவரில் யாரை நீங்கள் 'சார்' என்கிறீர்கள்?

திரும்பப் பூட்டும்போதும் இஷ்டத்துக்கு முறுக்கக் கூடாது. கையேட்டில் ஒரு அளவு கொடுத்திருக்கிறது. அதற்கென்றே இருக்கும் டார்க் ரெஞ்சைப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி, அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டோம். அடுத்த சனிக்கிழமை வெட்டிய புல் இன்னும் பச்சையாகவே இருக்கிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

இருபது டாலருக்குப் புதுசு வாங்கச் சொன்ன தம்பி, கோபப்படாதே. புது பிளேடு வாங்கினாலும் பழையதைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? போல்ட்டு உன் கிரெடிட் கார்டைப் பார்த்துக் கழலாது. பிளேடில் விரிசல் விட்டிருந்தால், வளைந்திருந்தால், சிறகுப் பக்கம் தேய்ந்து தகடாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். இது வெறும் மொண்ணை. அரை மணி நேர அரம் வேலை. 20, 25 மணி நேரம் ஓடினால் ஒருமுறை தீட்ட வேண்டிய பொருளை, தீட்டத் தெரியாத காரணத்தால் குப்பையில் போடுவதற்கு வசதி என்று பெயர் வைத்திருக்கிறோம். நீ எஞ்சினியர். நான் பாடம் நடத்தியவன். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வயதானவர், விரல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இது விளையாட்டுச் சாமான் இல்லை. கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும் என்று, தள்ளிக்கொண்டு போகிற இந்த மாதிரி மெஷின்களுக்கு அமெரிக்காவில் 1982 முதல் சட்டமே இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஊரில் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், பூட்ஸ் இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையோரம் புதர் வெட்டுகிறவரைப் பார்த்து உங்களில் யாருக்கு மனசு வலித்தது? அவருக்கும் பத்து விரல்தானே? ஆகஸ்டு 15 வருவதற்கு முன்னால் நம் பள்ளி மைதானத்தில் ஒரு பெரியவர் அரிவாளோடு வந்து குத்த வைத்து நாள் முழுக்கப் புல் அறுப்பார். உங்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு அப்போது என் இப்போதைய வயதுதான் இருக்கும். 'இவருக்கா இந்த நிலைமை' என்று நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஆகவே உங்களுக்கு வலித்தது என் விரலை நினைத்து அல்ல.

'வேலைக்காரன் செய்யற வேலை' என்று எழுதிய அம்மாளுக்கு: ஆயுத பூஜைக்கு அரிவாள், கத்தரிக்கோல், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறீர்கள். மறுநாள் அதைக் கையில் எடுக்கிறவர் மட்டும் எப்படிக் கீழே போய்விடுகிறார்? இந்த மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830-இல் உரிமம் வாங்கிய எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊர்க்காரர். கம்பளித் துணி ஆலையில் துணியின் மேல் நிற்கும் இழைகளை மழிக்கிற இயந்திரத்தைப் பார்த்து, இதைப் புல்லுக்கு வைத்தால் என்ன என்று யோசித்த எந்திர வேலைக்காரர். கையில் கறுப்பு ஒட்டாமல் அந்த யோசனை வந்திருக்குமா?

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று மேலே எழுதினேன். அதை வெறும் பேச்சாக விட்டுவிடக் கூடாது.

1991 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பு. வட்ட இயக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். சுற்றும் பொருளிலிருந்து விடுபடும் துகள் தொடுகோட்டில் போகும், எடுத்துக்காட்டு சாணைக்கல்லிலிருந்து பறக்கும் தீப்பொறி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா சைக்கிளில் சாணைக்கல் கட்டி ஊர் ஊராகப் போகிறவர். வியாழக்கிழமை சந்தை. அன்றைக்கெல்லாம் பையன் பள்ளிக்கு வரமாட்டான், அப்பாவோடு போய்விடுவான். அதனால் அவன் மேல் எனக்கு ஏற்கெனவே எரிச்சல். "சார், கல்லு நம்ம பக்கம் சுத்துனா பொறி கீழ போகும், அந்தப் பக்கம் சுத்துனா மேல போகும் சார், நான் பாத்திருக்கேன்" என்றான்.

எவ்வளவு அழகான பதில்! தொடுகோட்டின் திசை சுழற்சியின் திசையைப் பொறுத்தது. அந்த வகுப்பில் ஐம்பது பேர் இருந்தீர்கள். அந்தப் பாடத்தைக் கண்ணால் பார்த்திருந்தவன் அவன் ஒருவன்தான். நான் உட்பட மற்ற எல்லோருக்கும் அது புத்தகத்தில் இருந்த ஒரு வரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாரா வாரம் லீவு போட்டுட்டு அதைத்தான் படிச்சியா? சாணை பிடிக்கப் போறவனுக்கு எதுக்குடா பிசிக்ஸ்? உக்காரு."

வகுப்பு சிரித்தது. இதைப் படிக்கிற உங்களில் சிலர் அன்று சிரித்தவர்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. வீட்டில் வேறு கஷ்டம் இருந்திருக்கலாம். நான் விசாரிக்கவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்ததோடு என் வேலை முடிந்தது.

'படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்', 'சாணை பிடிக்கத்தான் லாயக்கு' என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். உங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். நீங்களும் பயந்து படித்தீர்கள், நல்ல வேலைக்குப் போனீர்கள். அந்தப் பயம் இன்னும் உங்களுக்குள் இருப்பதால்தான், என் கையில் கறுப்பைப் பார்த்ததும் எனக்கு ஏதோ கெடுதல் நடந்துவிட்டதாகப் பதறி, ஒரு பெண்ணைத் திட்டியிருக்கிறீர்கள். வாத்தியார் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். திருத்திக்கொள்ளுங்கள்.

மருமகளிடம் அந்தப் படத்தை மறுபடியும் போடச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் போடுவாள். மைத்துனர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டால் நல்லது. மருமகளைக் கேட்கிற கேள்வி ஏதாவது மிச்சம் இருந்தால் என்னிடம் கேளுங்கள். பேரனுக்கு வயது பத்து. ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பிளேடு பக்கம் இன்னும் விடவில்லை.

கடைசியாக, 1991 ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்காரர்களுக்கு மட்டும். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவன் இப்போது எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் எண்ணை உள்பெட்டியில் அனுப்புங்கள். அவன் பெயரைக் கீழே பொதுவில் போட வேண்டாம். அக்டோபரில் ஊருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அவனிடம் ஒருமுறை பேச வேண்டும்.